தேத்தண்ணி வேண்டாம் என்ற பிள்ளை

பாடசாலைச் சிற்றூழியராகப் புதிதாக வந்திருக்கும் உங்கள் கையில் ஒரு நியமனக் கடிதம் இருக்கும். உங்கள் வேலை என்னவென்று அதில் எழுதியிருப்பார்கள். கூட்டுவது, மணி அடிப்பது, கதவுகளைத் திறப்பது, பூட்டுவது, கடிதங்களை வலயக் காரியாலயத்துக்குக் கொண்டுபோவது. பிள்ளைகளின் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. என் கடிதத்திலும் இருக்கவில்லை. ஆனால் பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஒரு பிள்ளைக்குத் தலை சுற்றினால், வாந்தி வந்தால், அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காவிட்டால், வகுப்பிலிருந்து முதலில் அனுப்பிவைப்பது உங்களிடம்தான். நர்ஸ் என்று அங்கே யாரும் கிடையாது. சுவரில் ஒரு மருந்துப் பெட்டி தொங்கும். திறந்தால் ஒரு பஞ்சுச் சுருளும், காய்ந்துபோன மருந்துப் போத்தலும், ஒரு கரப்பானும் இருக்கும். மற்றதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு நாள் ஹாலிஎலவில் மரக்கறி லொறி ஒன்று நின்றது, ஏறிவிட்டேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தேன். மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டினேன். ஹல்துமுல்லையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. கால் அரிக்கத் தொடங்கிவிடும். கரும்புக் காட்டில் சிங்களம் நன்றாக வந்தது, அது ஒன்றுதான் மிச்சம். நாற்பதை நெருங்கும்போது, நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டப் பாடசாலையில் இந்த வேலை கிடைத்தது. இதையும் இரண்டு வருடத்தில் விடுவேன் என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன்.

பட்டினி எனக்குப் பழக்கம். அதனால் பசித்த பிள்ளையை என்னால் தூரத்திலேயே கண்டுபிடிக்க முடியும். பசித்த பிள்ளை அதிகம் பேசாது, வெயில் படும் இடமாகப் பார்த்து உட்காரும், மற்றவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடும். அப்படி ஒன்றைக் கண்டால் களஞ்சிய அறைக்குக் கூப்பிட்டுச் சீனி போட்ட தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பேன். ஆசிரியர்களின் தேநீருக்கென்று பாடசாலை அதிபர் வாங்கி வைத்திருந்த சீனியிலிருந்துதான் எடுப்பேன். அவருக்குத் தெரியும். கேட்டதில்லை. சாமான்கள் எல்லாம் விலையேறி, டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் என் கெட்டில் ஓயவே இல்லை. பிள்ளைகள் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வரும். பிள்ளைகளின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

அதற்கு முந்தின வருடம் ஒரு நிறுவனம் வந்து எங்களுக்குப் புது மலசலகூடம் கட்டிக் கொடுத்திருந்தது. வெள்ளை டைல், கை கழுவ ஒரு தொட்டி, உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள், பெண்பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு அறை. பெரியவர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். முதல் வாரமே ஒரு குழாய் உடைந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் மேலிருந்து கேள்வி வந்தால் நடுங்கிவிடுவார்.

"கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? பூட்டி வை. வேணுங்கிறவங்க வந்து கேட்டா சாவிய குடு."

பூட்டினேன். சாவியை ஒரு நூலில் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். களஞ்சிய அறை வாசலில் என் முக்காலி இருந்தது. அங்கே உட்கார்ந்தால் மலசலகூடக் கதவு நேராகத் தெரியும். யார் வந்து கேட்டாலும் கொடுத்தேன். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. பையன்கள் வந்து கேட்கும்போது, "எதுக்கு? ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" என்பேன். அவன்கள் விரலைக் காட்டிச் சிரிப்பான்கள். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கும் பொழுது போகும்.

பின்பக்கம் பழைய தகரக் கக்கூசுகள் இரண்டு இருந்தன. பெண்பிள்ளைகளுடையதற்குக் கதவு கழன்று, உரச் சாக்கு ஒன்று தொங்கியது. ஆண்பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் சாவி கேட்டு வருவதில்லை என்பதைக் கவனித்திருந்தேன். அதற்கு நான் கண்டுபிடித்த காரணம், பெண்பிள்ளைகள் அடக்கமானவர்கள் என்பது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த டைல்களைக் கழுவினேன். அழுக்கே இருக்காது. அழுக்கில்லாததைக் கழுவுகிறோமே என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும். பார்க்க வந்த அதிகாரிகள் சம்பவப் புத்தகத்தில் "மிகச் சுத்தமாகப் பேணப்படுகிறது" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதிபர் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். வாழ்க்கையில் என்னைப் பற்றி எழுத்தில் வந்த நல்ல சொல் அது ஒன்றுதான்.

சுகன்யா தரம் ஒன்பதில் படித்த பிள்ளை. தாய் மலையில் கொழுந்து பறிக்கிறவள். தகப்பன் இல்லை. நன்றாகப் படிக்கும், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் ஒரு தடவை மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை வாங்கினாள், உதட்டில் வைத்தாள், அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"குடி புள்ள."

"வேணாம் அங்கிள்."

"சீனி பத்தலையா?"

"இல்ல அங்கிள், போதும்."

பிஸ்கட்டைச் சாப்பிட்டாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. அடுத்த வாரம் தலைவலி என்று வந்தாள், அப்போதும் அப்படித்தான். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளோடு வந்த கூட்டாளிப் பிள்ளையிடம், "பெரிய எடத்துப் புள்ள போல இருக்கு. டீச்சர்மார் கப்புல ஊத்திக் குடுத்தாத்தான் எறங்கும்" என்றேன். அந்தப் பிள்ளை சிரித்தது. சுகன்யா சிரிக்கவில்லை. எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன். கரும்புக் காட்டில் தண்ணீர் இல்லாமல் சுருண்டு விழுந்த ஆட்களின் உதடு அப்படித்தான் இருக்கும். நானே அப்படிக் கிடந்திருக்கிறேன். ஆனால் நமுனுகுலயில் வருடத்தில் பாதி நாள் மழை கொட்டுகிறது, பாறையெல்லாம் தண்ணீர் வடிகிறது. அங்கே ஒரு பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குளிருக்கு வெடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்த அடையாளம் தெரியாத இடத்தில் இருந்தால் நாம் அதைப் பார்ப்பதில்லை. நீங்களும் ஒரு நாள் இப்படித் தவறவிடுவீர்கள். தவறவிட்டது தெரிந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

ஒரு வியாழக்கிழமை. அதிபர் கூட்டத்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தார். மூன்று ஆசிரியர்கள்தான் அன்றைக்கு. இரண்டாம் பாடவேளையில் இரண்டு பிள்ளைகள் சுகன்யாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, பல் கிட்டித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தாள். களஞ்சிய அறையில் கிடந்த மேடைத் திரையை எடுத்துப் போர்த்திவிட்டுக் கெட்டிலை வைக்கப் போனேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே.

தரம் ஒன்பதின் வகுப்பாசிரியை பின்னாலேயே வந்துவிட்டார். நியமனம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் ஹாலிஎலவிலிருந்து பஸ்ஸில் வந்து, மிச்சத் தூரத்தைச் சேற்றில் நடப்பார். என் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் இந்த வேலையில் எனக்குக் குரு யாரென்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணே" என்று கதவைச் சாத்தினார். சிறிது நேரம் கழித்து வெளியே வந்தார்.

"அண்ணே, டொய்லெட் சாவிய குடுங்க."

"எதுக்கு டீச்சர்?"

அவர் கையை நீட்டினார்.

"எதுக்குன்னு என்கிட்டயே கேக்கிறீங்க பாத்தீங்களா? இந்தப் புள்ள காலையில வீட்டுலயிருந்து வந்தா திரும்பி வீட்டுக்குப் போறவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்லயாம். குடிச்சா போகணும். போகணும்னா உங்ககிட்ட வந்து நிக்கணும். நீங்க எல்லாருக்கும் முன்னால ஒண்ணுக்கா ரெண்டுக்கான்னு கேப்பீங்களாம்."

"அது பையன்ககிட்டதான் டீச்சர். சும்மா பகிடிக்கு."

"பொம்பளப் புள்ளைகளுக்குக் காது இல்லயாண்ணே? இவ மட்டுமில்ல, என் கிளாஸ்ல முக்காவாசிப் பேரு இப்படித்தானாம். மாசத்துல அந்த நாலு நாளு இஸ்கூலுக்கே வர்றதில்ல. நான் வெசாழன் வெள்ளி ஏன் வரலன்னு வெயில்ல நிப்பாட்டியிருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். நான் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அப்போது வெட்கப்பட நேரமில்லை. பிள்ளையைக் கீழே கொண்டுபோக வேண்டும். பெற்றோர் வராமல் பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்பது ஒழுங்கு. தாய் மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அதிபரின் போனுக்குச் சிக்னல் இல்லை. டீச்சர் வந்தால் மூன்று வகுப்புகள் ஆளில்லாமல் கிடக்கும். நான் மட்டும் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது சரியில்லை. இப்படி நான்கு பக்கமும் அடைத்திருக்கும்போது தொலைபேசியை வைத்துக்கொண்டு சிக்னல் தேடி அலைவதுதான் சுலபமான வேலை. ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். அதை நானும் ஐந்து நிமிடம் செய்தேன்.

கொழுந்து லொறியின் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடினேன். அது மேல் மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து ஏற்றிக்கொண்டு, பெக்டரிக்கு இறங்கும். வழியில் தாயை ஏற்றிக்கொள்ளலாம். கையைக் காட்டி நிறுத்தி விசயத்தைச் சொன்னேன். டிரைவர் நம்ம ஆள், எதையும் கேலியாகத்தான் பேசுவான்.

"கொழுந்து போக நேரமாச்சுன்னா பெக்டரி ஐயா என்னைய வாட்டிருவாரேண்ணே."

"டேய், புள்ளைக்கு நெருப்பாக் காயுதுடா."

எட்டிப் பார்த்தான். கேலி போய்விட்டது. "ஏத்துங்க, ஏத்துங்க. கொழுந்த எப்படியும் அங்க கொண்டுபோய் வாட்டத்தானே போறாங்க" என்று கதவைத் திறந்துவிட்டான்.

மேல் மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாய் நின்றாள். லொறியில் மகளைக் கண்டதும் கூடையைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஏறினாள்.

"என்னாடி செஞ்ச? என்னாத்தத் தின்ன? காலையில நல்லாத்தானே போன!" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே மகளின் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தாள். பெக்டரியில் இறங்கி, ஒரு திரீவீல் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

வாட்டில் பரிசோதித்த வைத்தியர் ஓர் இளம் பெண். சிங்களம்தான் பேசினார். தாய்க்கு அது அவ்வளவாக விளங்காது. அதனால் நான் நடுவில் நின்றேன். சிறுநீரில் கிருமி ஏறி, சிறுநீரகம்வரை போயிருக்கிறது என்றார். ஊசி மருந்து ஏற்ற வேண்டும், பல நாள் தங்க வேண்டும். பிறகு பிள்ளையைப் பார்த்து, "ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

சுகன்யா தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தண்ணி புடிக்காது" என்றாள்.

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் செய்த தப்புகளில் பெரியது அதுதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். கதவைப் பூட்டி வைத்தது அறியாமல் செய்தது. இதை அறிந்தே செய்தேன். அந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்துகொண்டு எனக்காக ஒரு பொய் சொன்னது, நான் அதைக் கவனமாக மொழிபெயர்த்தேன்.

வைத்தியர் தலையை ஆட்டினார். இதே பழக்கம் தொடர்ந்தால் திரும்பத் திரும்ப வரும், சிறுநீரகம் கெட்டுப்போகும் என்றார். அதை நான் சொல்வதற்கு முன்னாலேயே "கிட்னி" என்ற சொல் தாயின் காதில் விழுந்துவிட்டது. ஊவா மாகாணத்தில் அந்தச் சொல்லுக்குப் பயப்படாதவர்கள் இல்லை. கீழ்நாட்டு ஊர்களில் கிட்னி போய்ச் செத்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை தெரியும்.

பின்னேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். தாய் சொன்னாள்.

"இஸ்கூல் போதும்ணே. தண்ணி புடிக்காதாம்ல. அங்க போனா யாரு இவளப் பாக்கிறது? ஒடம்பு தேறுனதும் கொழும்புக்கு அனுப்பிர்றேன். நாத்தனா வீட்டுல சின்னப் புள்ள இருக்கு, பாத்துக்கிட்டு இருக்கட்டும். நேரத்துக்கு எதையாவது குடிக்கக் குடுப்பாங்க."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். பிள்ளை கொழும்புக்குப் போயிருக்கும். டீச்சர் ஒரு நாள் கோபப்பட்டுவிட்டு விட்டிருப்பார். என்னை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சம்பவப் புத்தகத்தில் "மிகச் சுத்தமாக" என்பதும் அப்படியே இருந்திருக்கும். எட்டாம் வகுப்போடு லொறி ஏறியவனுக்கு, ஒன்பதாம் வகுப்போடு பஸ் ஏறப்போகிற பிள்ளையைத் தெரியாதா? நானாவது ஆசைப்பட்டு ஏறினேன்.

"தங்கச்சி, புள்ள பொய் சொல்லுது" என்றேன். பூட்டைப் பற்றி, சாவியைப் பற்றி, நான் அடித்த பகிடியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியரிடம் நான் மறைத்ததையும் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படங்கின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்களாண்ணே? வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். அங்கிள் டீ குடுத்தாரு, அங்கிள் சீனி போட்டாருன்னு. சாவியப் பத்தி ஒரு வார்த்த சொல்லலையே." பிறகு கேட்டாள், "உங்களுக்குப் பொம்பளப் புள்ள இருக்கா?"

"இல்ல."

"இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். தனக்குத்தானே பேசுவதுபோல, "எனக்கு இருக்கு. எனக்கே தெரியலையே" என்றாள். "மலையில நாங்களும் அப்படித்தான்ணே. காலையில வயிறு முட்டக் குடிச்சிட்டு ஏறுனா நடுமலையில எங்க போறது? அதனால குடிக்கிறதில்ல. இவளுக்கு நான் சொல்லிக் குடுக்கல. என்னையப் பாத்துக் கத்துக்கிட்டா போல இருக்கு."

நான் எழுந்து உள்ளே போய் வைத்தியரைத் தேடிப் பிடித்து, முன்பு சொன்னது சரியில்லை என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "அப்படியானால் இது குணமாகிற வருத்தம்தான்" என்றார். திரும்பி வந்து அதைத் தாயிடம் சொன்னேன்.

"அந்தப் பூட்டு இருக்கிறவரைக்கும் எம் புள்ள வராது" என்றாள்.

"நாளைக்கே கழட்டிர்றேன்."

"கழட்டுங்க. பொறகு பாப்பம்."

அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்கு மணி அடிப்பதற்கு முன்னால் பூட்டைக் கழற்றினேன். அதிபரிடம் கேட்டால் யோசிப்போம் என்பார், யோசித்தால் பயம் வரும், பயம் வந்தால் வேண்டாம் என்பார். அதனால் செய்துவிட்டுச் சொல்வது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றுக்கும் இந்த வழி ஆகாது. பிள்ளையின் உடம்பு என்றால் ஆகும்.

"யாரக் கேட்டுக் கழட்டின?" என்றார் அதிபர்.

சொன்னேன்.

"நாளைக்கு டைல் ஒடைஞ்சா? குழாய் போனா? ஒடைஞ்சா நான் பொறுப்புன்னு எழுதித் தருவியா?"

"எழுதித் தாறேன் சேர். எழுத்துப் பிழை இருக்கும்."

"பிழைய நான் திருத்தித் தாறேன்" என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர்.

அதிபர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பூட்டைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டு டைல் உடைந்தது, உண்மைதான். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

பூட்டைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது. பெண்பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவில்லை. கதவு திறந்து கிடக்கிறது, தாழ்ப்பாள் புதிது, எல்லாம் இருக்கிறது. எனக்கு விளங்கவில்லை. டீச்சரிடம் முறையிட்டேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு பாருங்க."

என் முக்காலி அதே இடத்தில்தான் இருந்தது. கதவுக்கு நேரே. பூட்டு போய்விட்டது, நான் போகவில்லை.

முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டடத்தின் மறுபக்கம், மணிக்குப் பக்கத்தில் போட்டேன். அங்கே சாரல் அடிக்கும். பரவாயில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்: உங்கள் முக்காலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகத்தான் நடந்தன. மூடி போட்ட ஒரு வாளி உள்ளே வைத்தோம். டீச்சர் வகுப்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் பெண்பிள்ளைகளுக்கு வேண்டியதை வைத்து, அலுமாரியைத் திறந்தே விட்டார். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். தோட்டத்து மிட்வைஃப் அம்மாவைக் கூப்பிட்டுத் தாய்மாரோடு பேசவைத்தார். குழாயில் பத்து மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் பெரிய பீப்பாய் ஒன்றைக் கதவோரம் வைத்து, காலையிலேயே நிரப்பும் வேலை எனக்கு. இரண்டாம் பாடவேளை முடிந்ததும் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு மணி அடித்தேன். பையன்கள் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் குடித்தார்கள். பெண்பிள்ளைகள் முதலில் ஒரு வாய், பிறகு இரண்டு வாய். அந்தத் தவணையில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவது குறைந்தது. பசி குறையவில்லை, அதற்குக் கெட்டில் இருந்தது. ஆனால் எது பசி, எது தாகம் என்று கேட்டுவிட்டுத்தான் அதற்குப் பிறகு அடுப்பில் வைத்தேன்.

சுகன்யாவின் தாய் தனியாக ஒரு நாள் வந்தாள். காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கப் போகிற நேரம், அவசரத்தில் இருந்தாள். என்னோடு பேசவில்லை. நேராக மலசலகூடத்துக்குள் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது, எடுக்கும் சத்தம் கேட்டது, திரும்பப் போடும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். வெளியே வந்து பீப்பாயைத் தட்டிப் பார்த்தாள்.

"திங்கக்கெழம அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினாள்.

திங்கட்கிழமை சுகன்யா வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டால் "குட் மார்னிங் அங்கிள்" என்பாள், நிற்க மாட்டாள். களஞ்சிய அறைப் பக்கம் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. ஆனால் அவள் அந்தக் கதவுக்குள் போகிறாளா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாதே. அதற்காகத்தானே முக்காலியைத் தூக்கினேன். இரண்டு வாரம் அப்படியே போனது.

ஒரு நாள் தண்ணீர் மணிக்குப் பிறகு நான் மைதானத்தின் இந்தக் கோடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பையன்கள் நடுவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அங்கிள்! பீப்பாயில தண்ணி இல்ல! எத்தன தடவ சொல்றது?"

சுகன்யா மலசலகூட வாசலில் வெறும் வாளியோடு நின்றாள். விளையாடிக்கொண்டிருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. வாளியை ஒரு தடவை ஆட்டிக் காட்டினாள், எனக்குக் கண் தெரியாதோ என்பதுபோல.

அதற்கு முன்னால் அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. நான் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. கத்தியைப் புல்லிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் வாளியை வாங்கிக்கொண்டு, தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கினேன்.